திருப்பிப் போட்ட தொப்பி

சுசுனாவின் வாய் ஒரே ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

பள்ளி விளையாட்டு விழா. சுசுனா சிவப்பு அணி, இப்பெய் வெள்ளை அணி. தொடர் ஓட்டத்தில் வெள்ளைக்குக் கடைசியாக ஓடியவன் இப்பெய். முந்திக்கொண்டும் இருந்தான். ஆனால் அவன் தொப்பியைத் தாடையோடு பிடித்திருக்கும் ரப்பர் நாடா, வருஷம் முழுக்க அவனே மென்று மென்று, நைந்துபோயிருந்தது. பாதி வழியில் அறுந்தது. தொப்பி பறந்தது. அவன் திரும்பி ஓடி எடுத்து வருவதற்குள் சிவப்பு ஜெயித்துவிட்டது.

“நீ எங்ககிட்ட தோக்கல இப்பெய். காத்துகிட்ட தோத்துட்ட” என்றாள் சுசுனா.

வகுப்பே சிரித்தது. இரண்டு நாள் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டில், இப்பெய் தன் உயிரான பொரித்த ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டதைப் பார்த்தாள். பெருமை போய்விட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. தேவையில்லாதபோது மட்டும் வருகிற வாய் அது.

அடுத்த வாரம் டீச்சர் சீட்டுக் குலுக்கினார். பெற்றோர் வரும் சனிக்கிழமைக்கு, இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஓர் அசையும் படம் செய்ய வேண்டும். சுசுனா எடுத்த சீட்டில் இப்பெய் பெயர் இருந்தது.

காகித ரோபோக்களை மேசையில் கிடத்தி, துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் டேப்லெட்டில் படம் பிடிக்கும் வேலை. சிவப்புக் கோளின் ரோபோவும் வெள்ளைக் கோளின் ரோபோவும் ஒரு நிலாவுக்காக அடித்துக்கொள்கின்றன. விண்வெளித் தலைக்கவசம் இருவருக்கும் வரைய வரவில்லை. அதனால் ரோபோக்கள் பள்ளித் தொப்பி போட்டிருந்தன. சண்டைக் காட்சிகள் பிரமாதமாக வந்தன. இருவருக்கும்தான் பயிற்சி இருந்ததே.

முடிவுதான் வரவில்லை. சிவப்பு ஜெயிக்க வேண்டும் என்றாள் அவள். வெள்ளை என்றான் அவன். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வராவிட்டால் படம் திரைக்கு வராது என்று சொல்லிவிட்டார் டீச்சர். படத்தில் பேச்சு கிடையாது, பொருள்தான் பேச வேண்டும் என்றும் நினைவூட்டினார்.

வியாழன் இடைவேளையில் வகுப்பில் யாரும் இல்லை. இப்பெய்யின் தொப்பி அவன் மேசைக் கொக்கியில் தொங்கியது. அறுந்த நாடாவில் மூன்று முடிச்சு. சுசுனாவுக்கு என்னவோ போல் இருந்தது.

தன் சிவப்புத் தொப்பியை எடுத்து உள்பக்கம் பார்த்தாள். வெள்ளை. எல்லோர் தொப்பியும் அப்படித்தான், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை; அணிக்கு ஏற்றபடி திருப்பிப் போட வேண்டியதுதான். போன வருஷம் அவளே வெள்ளை அணிதான். ஐந்து வருஷமாகத் தலையிலேயே இருந்தது, மண்டைக்குள் இப்போதுதான் போனது.

சிவப்பு ரோபோவை நிலாவில் வைத்தாள். இருபத்திரண்டு படங்களில் அது தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெள்ளையாகப் போட்டுக்கொண்டது.

“டீச்சர், இதக் கடைசில சேத்துருங்க. இப்பெய்கிட்ட சொல்லாதீங்க.”

டீச்சர் சரி என்றார். ஏனோ சிரிப்பை அடக்குவதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை. இருட்டாக்கிய உடற்பயிற்சிக் கூடத்தில் படம் ஓடியது. சிவப்பு ரோபோ தொப்பியைத் திருப்பிப் போட்டது. இப்பெய் சட்டென்று சுசுனாவைப் பார்த்தான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடியவில்லை. வெள்ளை ரோபோவும் மெதுவாகத் தொப்பியைக் கழற்றியது. திருப்பியது. சிவப்பாகப் போட்டுக்கொண்டது.

இப்போது சுசுனா இப்பெய்யைப் பார்த்தாள். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

“எப்ப எடுத்த?”

“புதன்கிழமை. நீ?”

“வியாழன்.”

நிலாவில் பழையபடியே ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. முன்வரிசையில் ஒரு முதல் வகுப்புக் குட்டி திரும்பிப் பார்த்தது. “அண்ணா, ஜெயிச்சது யாரு?”

சுசுனாவின் வாய் இந்த முறை சரியான நேரத்துக்கு வந்தது. “அன்னைக்கு அப்படிச் சொன்னதுக்கு மன்னிச்சிரு” என்றாள் இப்பெய்யிடம், மெதுவாக.

இப்பெய் கொஞ்சம் யோசித்தான். பிறகு குட்டியிடம் குனிந்து சொன்னான்.

“காத்து.”

இந்த முறை முதலில் சிரித்தவன் அவன்தான்.