சூப் அண்டாவை இழுத்த வண்டி

பட்டை கிழிந்த சத்தம் சமையலறை வரை கேட்டது.

சோலீன் ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். முற்றத்தில் பழைய மஞ்சள் பனிவண்டி நின்றது. அதன் மேல் லூசியன் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் கை இன்னும் வேகம் கூட்டும் முறுக்கியில் இருந்தது. சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் அடியில் சுற்றும் கறுப்பு ரப்பர் பட்டை, பின்னால் ஒரு நீளத் துண்டாகக் கிடந்தது.

"நான் ஒண்ணும் பண்ணல" என்றார் மாமா.

அம்மா வாசலுக்கு வந்தார். ஒரு காலில் மட்டும் பூட்ஸ் இருந்தது.

"கட்டை வெச்சியா, லூசியன்?"

மாமா குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

பனிவண்டியை ஓட்டி முடித்ததும் பின்பக்கத்தைத் தூக்கி அடியில் கட்டை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை தரையோடு உறைந்துவிடும். அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். நேற்று இரவு மழை பெய்தது. விடிவதற்குள் எல்லாம் உறைந்துவிட்டது. காலையில் மாமா எஞ்சினைக் கிளப்பி முறுக்கினார். எஞ்சின் இழுத்தது. தரை விடவில்லை. நடுவில் இருந்த பட்டைதான் கிழிந்தது.

"ஒரு தடவை ஆட்டிப் பாத்திருக்கலாம்ல?" என்றார் அம்மா.

"ஆட்டணும்னு நெனச்சேன். அதுக்குள்ள கிளம்பிடுச்சு."

"எது?"

"எஞ்சின்தான். பட்டை கிளம்பல."

சோலீன் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பனித் திருவிழா.

திருவிழா அன்று ஏரி நடுவில் இருக்கும் தீவில் நெருப்பு மூட்டுவார்கள். ஊரே நடந்து அங்கே போகும். பட்டாணி சூப் மட்டும் வண்டியில் போகும். பெரிய அண்டாவைச் சறுக்குப் பலகையில் கட்டி, ஒரு பழைய பனிவண்டி இழுத்துச் செல்லும். அந்த வண்டி மேயரைவிட வயதில் மூத்ததாக இருக்க வேண்டும். ஏன் என்று யாருக்கும் நினைவில்லை. புது வண்டி இழுத்தால் சூப்பில் புகை நாறும் என்பார்கள் சிலர். பழைய வண்டிதான் அதிகம் புகைவிடும்.

ஆண்டுக்கு ஒரு வீட்டின் முறை. இந்த ஆண்டு சோலீன் வீட்டின் முறை. அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைப் பிடித்துக்கொள்ள ஒரு பிள்ளை வேண்டும். பன்னிரண்டு வயது ஆகியிருக்கக் கூடாது. சோலீனுக்குப் பதினொன்று.

"அடுத்த முறை நம்ம வீட்டுக்கு வரும்போது உனக்குக் கல்யாணமே ஆயிருக்கும்" என்று மாமா போன வாரம்தான் சொல்லியிருந்தார். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

முறை வந்த வீட்டின் வண்டி ஓடாவிட்டால், போன ஆண்டு இழுத்த வீடே மறுபடி இழுக்கும். அது எதிர்வீடு. திபோ குடும்பம்.

அம்மா கிழிந்த பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தைக்க முடியாது. வேற பட்டை தேடணும். எனக்கு இந்த வாரம் முழுக்க வேலை. ரோட்டுப் பனிய யாரு தள்ளுவா?" அம்மா ஊரின் பனி வாரும் லாரியை ஓட்டுகிறார்.

"நானும் சோலீனும் தேடறோம்" என்றார் மாமா. "ஆனா யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. முக்கியமா திபோகிட்ட."

மூவரும் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். மாமா கதவைச் சாத்தினார். ஜன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்.

சோலீன் திரும்பியபோது எதிர்வீட்டுக் கொட்டகையும் தெரிந்தது. அதன் ஜன்னலிலும் ஒரு போர்வை தொங்கியது.

வேலி அருகே எத்தியேன் நின்றிருந்தான். திபோ வீட்டுப் பையன். அவள் வகுப்புதான்.

"உங்க வண்டி ரெடியா?" என்று கேட்டான்.

"ரெடி. ஏன் கேக்கற?"

"சும்மாதான். எங்க வண்டியும் ரெடி. ஒருவேளை உங்களுது ஓடலன்னா."

"ஓடும்."

"சரி."

"சரி."

இருவரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் பழைய சாமான் சந்தை. பனி ஹாக்கி மைதானத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சின்கள், சறுக்குக் கட்டைகள், கிழிந்த இருக்கைகள் எல்லாம் பனிமேல் பரப்பப்பட்டிருந்தன.

மாமா ஒரு கயிறு கொண்டுவந்திருந்தார். பழைய பட்டையின் நீளத்துக்கு ஒரு முடிச்சு. அகலத்துக்கு ஒரு முடிச்சு.

ஒரு பட்டை நீளம். ஒன்று குட்டை. ஒன்றை எலி தின்றிருந்தது. மதியம் ஆனபோது இருவருக்கும் கால் விறைத்துவிட்டது.

கடைசி வரிசையில் ஜினெட் என்ற பெண்மணி ஒரு முழு வண்டியைப் பிரித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பட்டை சுருண்டு கிடந்தது. புதுசு போல இருந்தது.

மாமா கயிற்றை வைத்தார். நீளம் சரி. அகலம் சரி.

"குடுங்க" என்றார்.

"எந்த வண்டிக்கு?" என்று கேட்டார் ஜினெட்.

"ஓடற வண்டிக்கு."

"அது நல்ல ரகமாச்சே" என்றார் ஜினெட். "மாத்திக்க என்ன கொண்டாந்திருக்கீங்க?"

மாமாவிடம் ஏரிப் பனிக்கட்டியைத் துளைக்கும் கருவி ஒன்று இருந்தது. மீன் பிடிக்க வைத்திருந்தது. அது ஜினெட்டின் கைக்குப் போனது. பட்டை மாமாவின் தோளுக்கு வந்தது.

வழியெல்லாம் மாமா பாடிக்கொண்டே வந்தார்.

கொட்டகையில் பாட்டு நின்றது.

பட்டையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வண்டியின் முன் அச்சில் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. சக்கரத்தின் பல் துளைக்குள் போய்ப் பட்டையை இழுக்கும். அப்போதுதான் வண்டி நகரும். மாமா பட்டையை மாட்டிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார்.

கட. கட. கடக்.

நின்றுவிட்டது.

"எண்ணெய் போடணும்" என்றார் மாமா.

எண்ணெய் போட்டார். கட. கட. கடக்.

"கொஞ்சம் பழகணும்."

"மாமா, அதக் கழட்டுங்க" என்றாள் சோலீன்.

பட்டையைத் தரையில் விரித்தார்கள். பல்சக்கரத்தையும் அச்சிலிருந்து கழற்றி, சோலீன் அதைப் பட்டைமேல் நிறுத்தி உருட்டினாள். முதல் பல் துளைக்குள் போனது. இரண்டாவது பல் துளையின் ஓரத்தில் இடித்தது. மூன்றாவது பல் ரப்பரின் மேலேயே நின்றது.

"துளைக்குத் துளை தூரம் வேற" என்றாள்.

மாமா கயிற்றைப் பார்த்தார். அதில் இரண்டு முடிச்சுதான் இருந்தது.

"இத யாரு அளப்பா?" என்றார் மெதுவாக.

"இனிமே நாம."

மாமா தரையில் உட்கார்ந்தார். கருவியும் போயிற்று. பட்டையும் உதவவில்லை. மஞ்சள் வண்டி கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. இப்போது கட்டை வைக்க மறக்கவில்லை.

சோலீன் பட்டையைத் தடவிப் பார்த்தாள். நல்ல பட்டை. இது ஏதோ ஒரு வண்டியில் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் அந்த வண்டியில் இதற்குப் பொருந்தும் சக்கரங்களும் இருந்திருக்கும்.

"மாமா, நம்ம பட்டைய மாத்த வேணாம். சக்கரத்த மாத்தலாம். அந்த அம்மாகிட்டதான் மொத்த வண்டியும் இருந்துச்சே."

மாமா எழுந்து போனை எடுத்தார். ஜினெட்டின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"பல்சக்கரமா? அது நீங்க வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சே. உங்க ஊர்க்காரர்தான் வாங்கிட்டுப் போனாரு. பச்சைத் தொப்பி. கூட ஒரு பையன். முழு நேரமும் டோனட் தின்னுட்டே இருந்தான்."

மாமா போனை வைத்தார். பச்சைத் தொப்பி ஊரில் ஒருவருக்குத்தான் உண்டு. டோனட் தின்னும் பையனை வகுப்புக்கே தெரியும்.

"திபோவா?" என்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அப்போ அவன் வண்டியும் ஓடல. அதான் போர்வை."

"நம்ம வண்டியும் அவங்க வண்டியும் ஒரே ரகம்தானே மாமா?"

"ஆமா. அவனுது நீலம். அது ஒண்ணுதான் வித்தியாசம்."

"அப்போ அவரும் தப்பான சக்கரம் வாங்கியிருக்காரு."

"நல்லா வேணும். நாலு நாள் அவனும் கடகடன்னு சுத்திட்டுக் கெடக்கட்டும்."

"போய்க் கேக்கலாம்."

"திபோ வீட்டு வாசல்ல போய் நிக்கறதா? அதுக்கு நான் ஏரியில குதிப்பேன்."

"ஏரி உறைஞ்சிருக்கு மாமா."

மாமா ஜன்னல் போர்வையை விலக்கி எதிர்வீட்டைப் பார்த்தார்.

சோலீன் தங்கள் பழைய பல்சக்கரங்கள் இரண்டையும் துடைத்து ஒரு பையில் போட்டுக்கொண்டாள். அவற்றில் ஒரு பல்கூட உடையவில்லை. கிழிந்தது பட்டை மட்டும்தான்.

"அத எதுக்கு எடுத்துட்டுப் போற?" என்றார் மாமா. "அதக் குடுத்துட்டா அவன் வண்டி ஓடும். நம்மளுது ஓடாது. அவன்தான் சூப்ப இழுப்பான்."

"தெரியும்" என்றாள் சோலீன். தெருவைக் கடந்தாள்.

*

எத்தியேன் கொட்டகைக் கதவை ஒரு விரல் அளவு திறந்தான்.

"எங்க வண்டி ரெடி" என்றான்.

"எங்க வண்டி ரெடியில்ல" என்றாள் சோலீன். "பட்டை கிழிஞ்சுபோச்சு."

எத்தியேன் கதவை முழுதாகத் திறந்தான்.

நீல வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. திபோ பச்சைத் தொப்பியோடு அதன் அடியிலிருந்து தலையை நீட்டினார். முகமெல்லாம் கிரீஸ்.

"என்னம்மா வேணும்?"

"அங்கிள், உங்க சக்கரம் உங்க பட்டையில பொருந்தலதானே?"

திபோ மகனை முறைத்தார்.

"நான் எதுவும் சொல்லலப்பா" என்றான் எத்தியேன்.

சோலீன் பையிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து நீல வண்டியின் பட்டைமேல் வைத்து உருட்டினாள். டக். டக். டக். டக். ஒவ்வொரு பல்லும் அதனதன் துளையில் உட்கார்ந்தது.

திபோ எழுந்து உட்கார்ந்தார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்க வண்டியோடது. உங்க பழைய சக்கரத்துக்கு என்ன ஆச்சு?"

எத்தியேன் மூலையைக் காட்டினான். பல் உடைந்த சக்கரம் ஒன்று கிடந்தது.

"அந்த மழை ராத்திரி" என்றார் திபோ, சக்கரத்தைப் பார்த்தபடி. "கட்டை வைக்க மறந்துட்டேன்."

"எங்க மாமாவும்தான்."

திபோவின் மீசை லேசாக அசைந்தது. பிறகு அவர் சோலீனின் சக்கரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எனக்குக் குடுக்க வந்தியா?"

"ஆமா. ரெண்டும் இருக்கு." அடுத்ததையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "நீங்க சந்தையில வாங்கின சக்கரம் எங்களுக்கு வேணும். நாங்க வாங்கின பட்டையும் அதே வண்டியிலேர்ந்து வந்ததுதான். பொருந்தும்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறியா?"

"இன்னும் வெச்சுப் பாக்கல. சக்கரம் உங்ககிட்டதானே இருக்கு."

திபோ இரண்டு சக்கரங்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் ரெண்டு ஜோடியையும் வெச்சுக்கிட்டா சனிக்கிழமை சூப்ப நான்தான் இழுப்பேன். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எத்தியேன் மூடியப் பிடிப்பான்."

"போன வருஷமே பிடிச்சேன்ப்பா" என்றான் எத்தியேன். "கை விறைச்சுப் போச்சு."

சோலீன் தன் காலிப் பையைப் பார்த்தாள். ஆனால் அவள் சக்கரங்களைத் திரும்ப எடுக்கவில்லை.

திபோ முனகிக்கொண்டே எழுந்தார். அலமாரியிலிருந்து இரண்டு பல்சக்கரங்களை எடுத்துச் சோலீனின் பையில் போட்டார். பிறகு தன் கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டார்.

"அது எதுக்கு அங்கிள்?"

"உங்க மாமாவுக்கு அச்சு மாட்டத் தெரியாது. போன தடவை தலைகீழா மாட்டினான். வண்டி பின்னால ஓடுச்சு."

*

"வண்டி பின்னால ஓடல" என்றார் லூசியன் மாமா. "நான் பின்னால ஓட்டினேன்."

"அந்த ஸ்பானரக் குடு."

"எந்த ஸ்பானர்?"

"உன் கையில இருக்கற ஸ்பானர்."

அவர்கள் அப்படியே மாலைவரை பேசிக்கொண்டிருந்தார்கள். சோலீனும் எத்தியேனும் விளக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே சோலீன் புதுச் சக்கரத்தைப் பட்டைமேல் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டாள். இரண்டு முறை. எல்லாப் பல்லும் உள்ளே போனது.

அம்மா வேலை முடிந்து வந்தபோது, மஞ்சள் வண்டியின் பட்டை சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வண்டிக்கு அடுத்த நாள் நேரம் ஒதுக்கியாயிற்று.

அம்மா திபோவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே கொட்டகைக்குள்ளயா?" என்றார். "சாப்பிட்டீங்களா?"

*

சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தது. ஏரிக்கரையில் மேயர் அம்மையார் வண்டியைச் சுற்றி வந்தார்.

"இது என்னைவிட மூத்ததா?"

"ரெண்டு வயசு மூத்தது" என்றாள் சோலீன்.

"பாத்தா அப்படித் தெரியலையே" என்றார் மேயர். யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா எஞ்சினைக் கிளப்பினார். முதலில் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டினார். பிறகுதான் முறுக்கினார். கயிறு இறுகியது. அண்டா மெல்ல நகர்ந்தது. சோலீன் அதன் பக்கத்தில் முழங்காலிட்டு, தடித்த கையுறைகளால் மூடியை அழுத்திப் பிடித்தாள். இடுக்கில் வந்த ஆவி அவள் இமைகளில் பட்டு உறைந்தது.

பின்னால் நீல வண்டி வந்தது. அதில் திபோவும் எத்தியேனும். இழுக்க எதுவும் இல்லை. ஆனாலும் வந்தார்கள்.

தீவின் கரையில் பனி மேடாக இருந்தது. அம்மா வேகத்தைக் கூட்டினார். பட்டை பனியைக் கவ்வியது. அண்டா ஒரு பக்கம் சாய்ந்தது. சோலீன் மூடியின் மேல் படுத்தேவிட்டாள். வண்டி மேடேறி நெருப்பின் பக்கத்தில் போய் நின்றது.

ஊரே கிண்ணத்தோடு காத்திருந்தது. மூடி பிடித்த பிள்ளைக்குத்தான் முதல் கிண்ணம். சூப் செய்தவர் திபோவின் மனைவி. அவரே கரண்டியால் ஊற்றினார். எல்லோரும் சோலீனின் வாயைப் பார்த்தார்கள்.

அவள் குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் எத்தியேன்.

சோலீன் யோசித்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.