உள்ள யாராச்சும் இருக்கீங்களா?

அந்த முடிச்சைப் பார்த்ததும் ரெபத்துக்குப் பசி போயிடுச்சு.

அறுவடை முடிஞ்ச வயல் நடுவுல வைக்கோல் குடிசை நின்னுச்சு. பிஹு பண்டிகைக்கு முந்தின நாள் ராத்திரி நடக்கற உருகா விருந்துக்குன்னு வருஷா வருஷம் கட்டுறது. ராத்திரி அதுல படுத்து, விடியக்காலம் ஆத்துல முழுகிட்டு வந்து, பக்கத்துல மேஜின்னு கோபுரமா அடுக்கி வச்ச விறகோட சேர்த்துக் கொளுத்திடுவாங்க. மூங்கில் சட்டம், மேல வைக்கோல், முன்னால ஒரு மூங்கில் படல். அந்தப் படலை யாரோ பிரம்பு நாரால வெளிப்பக்கம் கட்டியிருந்தாங்க. நாரை எல்லாரும் வலப்பக்கமா சுத்துவாங்க. இது இடப்பக்கமா சுத்தி, நுனியை அடியில திருப்பிச் செருகியிருந்துச்சு. பீச்சாங்கைக்காரன் போட்ட முடிச்சு. இந்த ஊர்ல பீச்சாங்கைக்காரன்னா ரெபத் ஒருத்தன்தான். அவனும் இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு, கால் மணி நேரம் முன்னாலதான் கார்ல வந்து இறங்கியிருக்கான்.

"தானு, இந்தப் படலைக் கட்டினது யாருடா?"

பால்ய சிநேகிதன் தானு அடுப்புக்கு விறகு தள்ளிக்கிட்டே சிரிச்சான். "நாய் கீய் உள்ள போயிடும்னு எவனாச்சும் கட்டியிருப்பான். பாருங்கப்பா, ஹெட்மாஸ்டர் வந்ததும் வராததுமா இன்ஸ்பெக்ஷன் ஆரம்பிச்சுட்டாரு!"

தானுவோட மச்சானுங்க ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ரெபத்தும் சிரிச்சு வச்சான். ஆனா அவன் விரல் தானாவே போய் நுனியைப் பிடிச்சு ஒரே இழுப்புல முடிச்சை அவுத்துடுச்சு. அவுத்த நாரைக் கீழ போட மனசு வரல. சட்டைப் பைக்குள்ள திணிச்சுக்கிட்டான்.

பத்து நாள் முன்னால ஜோனாகி போன் பண்ணியிருந்தா. செத்துப்போன சிநேகிதன் கிரினோட தங்கச்சி. "அண்ணா, இந்த வருஷம் உருகாவுக்கு எங்க வயலுக்கு வந்துடுங்க. எங்க வீட்டுச் சோத்தை மறந்தே போயிட்டீங்க" அப்படின்னா. வரலன்னு சொன்னா ஏன்னு கேப்பா. அதுக்குப் பயந்துதான் வேலை பார்க்கற நகாவ் டவுன்ல இருந்து கிளம்பி வந்தான். சாப்பிட்டுட்டு ராத்திரியே திரும்பிடறதா மனசுக்குள்ள ஒரு கணக்கு.

இருட்ட ஆரம்பிச்சதும் திசாங் ஆத்துப் பக்கமிருந்து மூடுபனி எழும்பி வயலை மூடிக்கிட்டே வந்துச்சு. வெட்டின நெல்லோட அடித்தாள் வாசனை, ஈர வைக்கோல் வாசனை, நீர்ப்பூசணி போட்டு வேகற வாத்துக்கறி வாசனை எல்லாம் ஒண்ணா கலந்து மூக்குல ஏறுச்சு. அதுக்கெல்லாம் அடியில மெல்லிசா இன்னொரு வாசனையும் இருந்துச்சு, மயிர் பொசுங்கினா வருமே அது. வாத்தோட பொடி மயிரை நெருப்புல வாட்டியிருப்பாங்கன்னு ரெபத் தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். தூரத்துல அடுத்த ஊர்க்காரங்க டோல் மேளம் அடிக்கிற சத்தம் பனிக்குள்ள வந்து வந்து அமுங்கிப் போச்சு.

ஜோனாகி வாழை இலை போட்டுப் பரிமாறினா. முப்பத்தெட்டு வயசு இருக்கும். காதோரம் நரைச்சிருந்துச்சு. பசையரிசிச் சோறு, வாத்துக்கறி, எள்ளும் வெல்லமும் வச்சுச் சுருட்டின பிட்டா. கையை நிறுத்தாம வச்சுக்கிட்டே இருந்தா.

"போதும்மா, வயிறு வெடிச்சிடும்."

"வாத்தியாருக்கு இதெல்லாம் ஒரு சாப்பாடா? கிரின் அண்ணன் இதைவிட ரெண்டு பங்கு தின்னுட்டு, தின்ன இடத்துலயே உருண்டு குறட்டை விடும்."

"அவன் குறட்டைக்குப் பயந்துதானடா அந்தக் காலத்துல இங்க நரி வராது!" தானு சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. ஜோனாகியும் சிரிச்சா. சிரிப்பு அடங்கினதும், கறி அள்ளி வச்சுக்கிட்டே சாதாரணமா கேட்டா.

"அண்ணா, அன்னைக்கு நெருப்பு வைக்கிறதுக்கு முன்னால எங்கப்பா மூணு தடவை கேட்டாருல்ல, உள்ள யாராச்சும் இருக்கீங்களான்னு. யாரும் இல்லன்னு பதில் சொன்னது யாரு?"

ரெபத் வாயில இருந்த சோறு அப்படியே நின்னுச்சு.

"கூட்டமா இருந்துச்சும்மா. ஞாபகம் இல்ல."

"பரவால்ல. சாப்பிடுங்க."

ஞாபகம் இல்லாம என்ன? அந்த வருஷம் நகாவ் பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு வாத்தியார் வேலை காலி. வந்த பட்டியல்ல முதல் பேரு கிரின், ரெண்டாவது பேரு ரெபத். கிரின் அவனைக் கட்டிப் பிடிச்சு, "அடுத்த தடவை உனக்குத்தான்டா" அப்படின்னான். அந்த உருகா முடிஞ்ச விடியக்காலம் எல்லாரும் ஆத்துக்குக் கிளம்ப, கிரின் மட்டும் எந்திரிக்கல. உருகா அன்னைக்கு யார் என்ன விளையாட்டுப் பண்ணினாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நல்லா மாட்டட்டும்னு ரெபத் படலை வெளிய இருந்து கட்டிட்டுப் போனான். அந்த நேரத்துல அது வெறும் விளையாட்டுதான். திரும்பி வந்தப்போ கிரினோட அப்பா கையில தீப்பந்தம். முதல் தடவை கேட்டாரு, ரெண்டாவது தடவை கேட்டாரு. பந்தத்தோட வெளிச்சத்துல கண்ணு கூச, மூணாவது தடவை நேரா ரெபத் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டாரு. கட்டின படல் அவனுக்கு நல்லாவே ஞாபகம் இருந்துச்சு. அதோட சேர்ந்து பட்டியலும் ஞாபகம் வந்துச்சு.

"யாரும் இல்ல மாமா."

அவ்வளவுதான். வைக்கோல் நிமிஷத்துல பத்திக்கிச்சு. மூங்கில் கணு துப்பாக்கி மாதிரி படபடன்னு வெடிச்சது. அந்தச் சத்தத்துல வேற எதுவும் கேக்கல. "இந்த வருஷம் மூங்கில் நல்லாப் பேசுதுப்பா!" அப்படின்னு யாரோ கை தட்டினாங்க. அப்புறம் சாம்பலைக் கிளறினப்போ, குளிக்கப் போனவன் பாதியில திரும்பி வந்து படுத்துட்டான் போலன்னு முதல்ல சொன்னவனும் ரெபத்துதான். மூணாம் மாசம் அந்த வேலை அவனுக்கு வந்துச்சு. அன்னைல இருந்து அவன் தின்ற ஒவ்வொரு பிடிச் சோறும் கிரினோட சோறுதான்.

கை கழுவிட்டு நிமிர்ந்தப்போ குறட்டை கேட்டுச்சு.

காலி குடிசைக்குள்ள இருந்து. நிதானமா ஏறி, இறங்கி, கடைசியில சின்னதா ஒரு விசில். ரெபத் மத்தவங்களைப் பார்த்தான். தானு பல் குத்திக்கிட்டு இருந்தான். மச்சானுங்க எல்லாருக்கும் ரெண்டாவது தடவையா அரிசிக் கள்ளு ஊத்திக்கிட்டு இருந்தாங்க. யார் மூஞ்சியிலயும் ஒண்ணுமில்ல. குனிஞ்சு குடிசைக்குள்ள எட்டிப் பார்த்தான். வைக்கோல் மட்டும்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு ஆள் நீளத்துக்குக் குழி விழுந்திருந்துச்சு.

ஜோனாகி பாக்கு வெத்தலைத் தட்டோட வந்தா. தட்டுல சிவப்புக் கரை போட்ட கமோசாத் துண்டு ஒண்ணு மடிச்சு வச்சிருந்துச்சு. "வருஷம் ஒண்ணு அண்ணனுக்காக நெய்யறேன். மேஜியில போட்டுடுவேன். இந்த வருஷத்துத் துண்டு உங்களுக்கு." அவளே அவன் கழுத்துல போட்டுவிட்டா. கையை எடுக்காம, தாழ்ந்த குரல்ல கேட்டா. "நெஜமாவே ஞாபகம் இல்லியா அண்ணா?"

"இல்லம்மா."

துண்டு கனமா இருந்துச்சு. அடுப்புப் பக்கத்துல காயப்போட்டு எடுத்த மாதிரி சூடாவும் இருந்துச்சு.

"தானு, நான் கிளம்பறேன்டா. வண்டியை ஓரம் கட்ட வாங்கின சாவியைக் கொடு."

"கள்ளு குடிச்சுட்டு, இந்தப் பனியில வண்டி ஓட்டப் போறியா? உன் மூக்கு உனக்கே தெரியாது. சாவி என் பொண்டாட்டிகிட்ட பத்திரமா இருக்கு. ஒரு ராத்திரி வைக்கோல்ல படுத்தா ஹெட்மாஸ்டர் உடம்பு தேஞ்சா போயிடும்?"

பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பின ஜோனாகி அவன் பக்கத்துல நின்னா.

"எங்கப்பா சாகிற வரைக்கும், நான்தான் எம்புள்ளையைக் கொளுத்தினேன்னு சொல்லிக்கிட்டே செத்தாரு. இப்போ அவர் இடத்துல நின்னு நான்தான் கேக்கறேன், ஒவ்வொரு வருஷமும். சொல்லிடுங்க அண்ணா. கத்த மாட்டேன், ஊரைக் கூட்ட மாட்டேன். இன்னைக்கு ராத்திரி நான் தூங்கிடுவேன். நீங்களும் தூங்கிடுவீங்க."

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நான்தான்னு ஒரே ஒரு வார்த்தை. அப்போ பள்ளிக்கூடத்துச் சுவர்ல பெயின்ட்ல எழுதின அவன் பேரு கண்ணுல வந்துச்சு. பொண்டாட்டி மூஞ்சி வந்துச்சு. புள்ளைங்க மூஞ்சி வந்துச்சு.

"ஞாபகம் இல்ல ஜோனாகி."

அவ தலையாட்டினா. கோவமே இல்ல.

"சரி. காலைல கேட்டுக்கறேன்."

பனிக்குள்ள நாலு அடி வச்சா. ஆளையே காணோம்.

ரெபத் படலை ஒட்டிப் படுத்தான். கட்டறதுக்கு இருந்த ஒரே நாரு அவன் சட்டைப் பையில. அதைத் தொட்டுப் பார்த்துக்கிட்டான். இந்தப் பக்கம் தானு, அதுக்கு அந்தப் பக்கம் மச்சானுங்க. நாலு பேர் மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. எண்ணினான். அஞ்சு. திரும்ப எண்ணினான். அஞ்சு. இன்னைக்குக் கண்ணையே மூடக் கூடாதுன்னு நினைச்சான்.

கண்ணைத் திறந்தப்போ சில்லுன்னு இருந்துச்சு.

பக்கத்துல கை போட்டான். தானு இல்ல. வைக்கோல் இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சு. ஆத்துப் பக்கம் "ஐயோ குளிருதுடா!"ன்னு கத்தல். எல்லாரும் குளிக்கப் போயிட்டாங்க. எழுப்பாம போயிட்டாங்க.

படலைத் தள்ளினான். அசையல.

பையில கை விட்டான். நாரு இருந்துச்சு. வெளிய எடுத்து ரெண்டு கையாலயும் தடவிப் பார்த்தான். இங்கதான் இருக்கு. அப்போ படல்?

மூங்கில் இடுக்குல விரலை விட்டான். முடிச்சு இருந்துச்சு. இடப்பக்கம் சுத்தியிருந்துச்சு. நுனி அடியில செருகியிருந்துச்சு. ஆனா நாரு இல்ல. வழவழன்னு, சூடா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் தடவினான்.

நகம் தட்டுப்பட்டுச்சு.

கையை உருவிக்கிட்டான். அந்த விரலெல்லாம் இன்னும் கொஞ்சம் இறுகிச்சு. படல் கிறீச்சுன்னுச்சு.

பேச்சுக்குரல் கிட்ட வந்துச்சு. இடுக்குல கண்ணை வச்சான். பனி. ஈரத் தலையோட தானு. மச்சானுங்க. தீப்பந்தத்தோட ஜோனாகி. தானு தோள்ல கை போட்டுக்கிட்டு, நடுங்கிச் சிரிச்சுக்கிட்டு இன்னொருத்தன். கழுத்துல சிவப்புக் கரைத் துண்டு.

ரெபத் தன் கழுத்தைத் தொட்டான். துண்டு இல்ல.

வெளிய நிக்கிறவன் பல்லைக் காட்டி சிரிச்சான். ரெபத்தோட பல்லு. ரெபத்தோட வழுக்கை. ஜோனாகி குடிசையைப் பார்த்துக் கேட்டா.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

கத்த வாயைத் திறந்தான். ராத்திரி தின்ன பசையரிசிச் சோறு தொண்டைக்கு ஏறி வந்துச்சு. வாய் நிறைஞ்சு போச்சு. விரல் விட்டு நோண்டினான். நோண்ட நோண்ட வந்துக்கிட்டே இருந்துச்சு.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

ரெண்டு கையாலயும் சுவரை அடிச்சான். வைக்கோல். சத்தமே இல்ல.

மூணாவது தடவை ஜோனாகி மத்தவங்களை விட்டுட்டு, துண்டு போட்டவன் மூஞ்சிக்கு நேரா பந்தத்தைத் தூக்கிக் கேட்டா.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா அண்ணா?"

வெளிய நிக்கிறவன் குடிசையைப் பார்த்தான். இடுக்கைப் பார்த்தான். இடுக்குல இருக்கிற கண்ணைப் பார்த்தான்.

"இல்லம்மா. யாரும் இல்ல."

ஜோனாகி அவனைப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா.

"இப்போ ஞாபகம் வந்துடுச்சுபோல."

பந்தம் சாய்ஞ்சது. கூரை ஓரத்துல ஒரு மஞ்சள் கோடு. கோடு ஓடுச்சு. புகை. வெளிச்சம். சூடு. முதல் கணு வெடிச்சது. ரெண்டாவது. மூணாவது.

"இந்த வருஷம் மூங்கில் நல்லாப் பேசுதுப்பா!" தானுவோட குரல்.

அப்போதான் ரெபத்துக்கு உறைச்சது. கண் விழிச்ச நேரத்துல இருந்து முதுகுக்குப் பின்னால ஒரு குறட்டை. ஏறி, இறங்கி, கடைசியில விசில்.

அது நின்னுடுச்சு.

வைக்கோல் சரசரத்துச்சு. கனமா ஒரு கை பின்னால இருந்து வந்து அவன் மார்பு மேல விழுந்துச்சு, தூக்கத்துல போடற மாதிரி. இறுக்கி அணைச்சுக்கிச்சு. காது மடல்ல ஒரு கொட்டாவி பட்டுச்சு.

"விடிஞ்சிருச்சாடா?"