பேபி துரையின் அழுகை

“ஐயோ... முதலாளீ!”

துரைசாமியின் அலறல் சிராங்கூன் ரோட்டு நாடகக் கொட்டகையை உலுக்கியது.

மேடையில் முதலாளி மாணிக்கம் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் சுத்தியல்!

பத்தே நிமிடம். இன்ஸ்பெக்டர் அற்புதராஜ் வந்துவிட்டார்.

“அட... நீங்க பேபி துரைதானே? எட்டு வயசுல எங்கள எல்லாம் அழ வச்சீங்களே!”

துரைசாமிக்கு அந்தப் பெயரே பிடிக்காது. 1966 ஆகிவிட்டது. இருபத்தாறு வயது. முகத்தில் மீசை. இன்னும் பேபி!

சனிக்கிழமை புது நாடகம். கதாநாயகன் அவன். முதன்முறையாக டைரக்டரும் அவன். இது நழுவினால் இந்த ஜென்மத்தில் இன்னொன்று கிடைக்காது!

“எத்தன மணிக்கு வந்தீங்க?”

“அஞ்சு மணிக்கு சார். செம்பவாங்ல அக்கா வீட்டுலேருந்து நேரா பஸ்ல வர்றேன். மேடை ஏறினா... இந்தக் கோலம்!”

“டைரக்‌ஷன உங்ககிட்டேருந்து பிடுங்கிட்டாராமே? மறுபடியும் அரைக்கால் சட்டை மாட்டி நடிக்கச் சொன்னாராமே?”

“யாரு சார் சொன்னா?”

“வாசல்ல நிக்கிறாரே... பெயிண்டர் ஹனீபா.”

இன்ஸ்பெக்டரை நம்பவைக்காவிட்டால் தூக்குக்கயிறுதான்!

மனதுக்குள் எண்ணினான். ஒன்று... இரண்டு... மூன்று... மாணிக்கம் சொல்லிக்கொடுத்த அழுகை வித்தை. கண்ணை மூடினான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது!

“எனக்கு அப்பா மாதிரி சார் அவரு!”

இன்ஸ்பெக்டர் குனிந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“மேடை ஏறும்போது விளிம்பத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவீங்கள்ல?”

“சின்ன வயசுலேருந்து சார். ஒத்திக்காம கால் வைக்கவே மாட்டேன்.”

“நல்ல பழக்கம். மத்தியானம் ஹனீபா மேடை விளிம்புக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சுட்டு, தேக்கா மார்க்கெட்டுக்கு டீ குடிக்கப் போயிட்டாரு. நாலு மணிக்கெல்லாம் காஞ்சிடுச்சாம். அஞ்சு மணிக்கு வந்தவருக்கு எப்படி ஒட்டும்?”

“எ... என்ன ஒட்டும்?”

“கையக் கழுவிட்டீங்க. கண்ண மறந்துட்டீங்க! மூடினாத்தான் தெரியுது.”

துரைசாமி மேடையோரத்து மேக்கப் கண்ணாடியைப் பார்த்தான். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால்...

இமை மேல் பச்சைத் தீற்றல்!

அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“சனிக்கிழமை நோட்டீஸ்லயும் பேபி துரைன்னே அச்சடிச்சுட்டாரு சார்... நான் எப்பத்தான் சார் பெரியவனாகுறது?”

இப்போதும் கண்ணீர் வந்தது. எண்ணாமலே வந்தது.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

“அழுகை இன்னும் பிரமாதம் பேபி... மேக்கப்தான் கொஞ்சம் ஓவர் லா!”