துடிப்பு வரவு

ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் காப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். கோவில்பட்டி உள்ளரங்கத்தில் அன்றும் அப்படித்தான். செண்பகவல்லி தன் இடது மணிக்கட்டில் துடிப்புக்காப்பை அழுத்தி மாட்டினாள். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அந்த அரங்கத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. நாலு சுவரும் திரைகள். அவற்றில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

பார்க்க வந்தவர்கள் எங்கே என்று கேட்பீர்கள். அவரவர் வீட்டில் இருந்தார்கள். கொள்ளைநோய்கள் அடுத்தடுத்து வந்து ஸ்டேடியங்களைப் பூட்டியபின் டிக்கெட் என்ற சொல்லே வழக்கொழிந்து போயிற்று. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. பார்ப்பவர்கள் வீட்டிலேயே இதேபோல ஒரு காப்பை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். யாரைப் பார்த்து அவர்கள் நெஞ்சு வேகமாக அடிக்கிறதோ, அந்த அடிகளெல்லாம் அவர் கணக்கில் வரவாகும். விளம்பரக்காரர்கள் விலைக்கு வாங்கியது அந்தத் துடிப்பைத்தான். ஜெயித்தால் கோப்பை உண்டு, சம்பளம் துடிப்புக்குத்தான். ஆடுகிறவர்களின் காப்பும் கணக்கில் சேர்த்தி. அவரவர் நெஞ்சுத் துடிப்பு சுவரின் ஓரத்தில் சின்ன எண்ணாகத் தெரியும்.

செண்பகத்தின் துயரம் இங்கேதான் இருந்தது. கபடியில் அவளைப்போல் பிடிக்க ஆளில்லை. பாடி வரும் எதிரணி ரைடர் காலை நீட்டியதும் கணுக்காலை இறுக்கிவிடுவாள், தப்பவே தப்பாது. தப்பாது என்று தெரிந்ததால் பார்ப்பவர்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்கள். அவள் பிடித்த மறுநொடி எண்கள் சரசரவென்று இறங்கின. அவளோடு கைகோத்து நிற்கும் எஸ்தரோ பாதி நேரம் குறி தவறிப் பாய்வாள், கோட்டருகே உருளுவாள், மயிரிழையில் பிடிப்பாள். திரை கொதித்துப் போகும்.

செண்பகத்தின் அம்மாவின் நெஞ்சும் எஸ்தருக்குத்தான் அடித்தது. கேட்டதற்கு, "நீ பிடிச்சிருவன்னு தெரியுமேட்டி. அந்தப் புள்ளயப் பாத்தாத்தான் பதறுது" என்றாள். அந்த ராத்திரி இரண்டாம் தடவை சோறு வாங்காமல் எழுந்துவிட்டாள் செண்பகம்.

"இந்த சீசனோட ஒன்ன விட்டுருவாங்க போலத் தெரியுது" என்றார் பயிற்சியாளர் சமுத்திரம், அரங்கத்தில் காப்பை மாட்டிக்கொண்டு நின்ற செண்பகத்திடம்.

"நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?"

"தப்பே பண்ணமாட்டேங்கியே! ஒன் ஆட்டத்தப் பாத்தா எனக்கே கொட்டாவி வருது. ஜனங்க தூங்கிட்டா எவன் துட்டு தருவான்?"

எஸ்தர் குறுக்கே வந்தாள். "அப்படிச் சொல்லாதிய சார். அக்கா கையப் பிடிச்சாத்தான் எனக்குப் பயமே தெரியாது. அந்தத் தைரியத்துலதான் பாயுதேன்."

"நீ ஏன் பாயமாட்ட? பிடிச்சாலும் ஒனக்கு வரவு, விழுந்தாலும் வரவு" என்றாள் செண்பகம்.

"என்னக்கா, காலையிலேயே மொளகா அரைக்கிய?" என்று சிரித்துக்கொண்டே எஸ்தர் கையை நீட்டினாள். கை கோத்ததும் சுவரோரத்தில் எஸ்தரின் எண் மெல்ல இறங்கி நின்றது. செண்பகம் அதைக் கவனிக்கவில்லை. மேலே எஸ்தரின் பெயருக்கு நேராக ஏறிக்கொண்டிருந்த பெரிய எண்ணைத்தான் பார்த்தாள்.

ஆட்டத்தின் கடைசி ரைடு. எதிரணியின் வாட்டசாட்டமான பெண் இருவருக்கும் நடுவே புகுந்து நடுக்கோட்டுக்கு ஓடினாள். கோத்த கைகள் கதவுபோல் மூடியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். செண்பகம் விரல்களைத் திறந்தாள்.

அந்தப் பெண்ணின் முழுப் பாரமும் எஸ்தர் மேல் மோதியது. அவள் தோள் கீழே பட்ட சத்தம் கேட்டது. செண்பகம் தாவி, கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் அந்த ரைடரின் காலைப் பிடித்தாள். நாலு சுவரும் சிவந்தன. எல்லாத் திரையிலும் உச்சியில் செண்பகவல்லி என்ற பெயர்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த எஸ்தர் கேட்டாள்: "வேர்வைல வழுக்கிட்டு, இல்லக்கா?"

"ஆமா."

எஸ்தர் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அணி செண்பகத்தை விடவில்லை. அடுத்த சீசனில் அவள் களத்தில் இறங்கினாலே ஊருலகம் பதறியது. இன்றைக்கு அந்தக் கை பிடிக்குமா, விடுமா? சமுத்திரம் அவளுக்கு இப்போது தானே தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

தோள் தேறி எஸ்தரும் வந்தாள். பழையபடி கைகோத்தார்கள். எஸ்தர் சிரித்தாள், ஆனால் செண்பகத்தின் விரலடியில் அந்த மணிக்கட்டு நாடி, வலையில் மாட்டிய மீன்போலத் துள்ளியது. அந்தத் துள்ளலும் உடனுக்குடன் செண்பகத்தின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் எஸ்தர் சமுத்திரத்திடம் போனாள். "சார், நான் அந்தப் பக்கம் நின்னுக்கிடுதேன்."

மறுபாதியில் அவள் புதிதாக வந்த ராஜகனியோடு கைகோத்து நின்றாள். செண்பகம் சுவரைப் பார்த்தாள். உச்சியில் தன் பெயர் இருந்தது. அவள் கண் அங்கே நிற்கவில்லை. ஓரத்தில் எஸ்தரின் சின்ன எண் இறங்கியது, இன்னும் இறங்கியது, அமைதியாக நின்றது. அந்தத் தாழ்ந்த எண்ணை எந்த விளம்பரக்காரனும் வாங்கமாட்டான். அது முன்பு தன் கைக்குள் இருந்தது.

ராஜகனியின் விரல்களையே செண்பகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. காப்பு ஒவ்வோர் அடியையும் எண்ணி எஸ்தரின் கணக்கில் வரவு வைத்தது.