எடித்தை யாரும் பார்க்கவில்லை

வெதர்பி ஊரின் பழைய பிரார்த்தனைக் கூடத்துக்குள் கார்லா ரிக்கர் நுழைந்தபோது ஒத்திகைக்காக நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அக்டோபர் மாதத்து மதியம். கடலோரச் சதுப்பு நிலத்தின் விளிம்பில், முந்நூறு வருடமாக உப்புக் காற்றைக் குடித்துக் கறுத்துப்போன மரக் கட்டடம் அது. நடுப்பகலிலும் உள்ளே அந்தி மாதிரிதான் இருக்கும். சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட தாமசின் க்ரேன் என்ற கிழவியை இங்கேதான் விசாரித்தார்கள். இங்கிருந்துதான் தூக்குக்கு இழுத்துப் போனார்கள். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் விண்ஸ்லோ ப்ராட் அதை நாடகமாக எழுதி, ஊர்க்காரர்கள் எட்டுப் பேரை வைத்துத் தானே இயக்கினார்.

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த கார்லாவுக்கு, கிழவியின் மேல் முதலில் விரலை நீட்டும் பேஷன்ஸ் என்ற பெண்ணின் வேஷம். கிழவியாக நடித்தவள் எடித் நோவாக். ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத விதவை. தனியாக இருந்தாள். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஆப்பிள் கேக் சுட்டுக்கொண்டு வருவாள்.

ஒருநாள் கார்லா வசனத்தை மறந்து விழித்தபோது எடித் மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தாள். உதவிதான் செய்தாள். ஆனால் மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு கார்லாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மூன்றாம் வாரம் ப்ராட் பொறுமை இழந்தார்.

"எடித், நீங்க பக்கத்து வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க. அந்தக் கிழவிகிட்ட ஒரு குளிர்காலம் முழுக்க ஊர்ல ஒருத்தரும் பேசல. அது உங்க முகத்துல வரவே மாட்டேங்குது."

"நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இன்னிலேருந்து அரங்கேற்றம் வரைக்கும் யாரும், நான் உட்பட, இவங்ககிட்ட பேசக் கூடாது. பார்க்கக் கூடாது. கடையில, ரோட்டுல, எங்கேயும்."

எடித் சிரித்தாள். "நாடகத்துக்கு நல்லதுன்னா சரிதான்."

முதல் நாள் அது விளையாட்டாக இருந்தது. இந்த விதி வந்த இரண்டாம் வாரத்தில் கேக்கை யாரும் தொடவில்லை. மூன்றாம் வாரத்தில் எடித் கேக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். கடையில் அவள் "குளிர் ஜாஸ்தியாயிடுச்சு, இல்ல?" என்று கேட்டாள். கார்லா அவள் தோளுக்கு மேலே பார்த்தபடி ரொட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். எடித்தின் உதடு நடுங்கியதைக் கடைக்கண்ணால் கவனித்தாள். வீடு போய்ச் சேரும்வரை அதை மனதுக்குள் ருசித்துக்கொண்டே போனாள்.

அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒத்திகை முடிந்து வெளியே வந்தபோது பனியும் மழையும் கலந்து கொட்டியது. பாதிரியாராக நடிக்கும் ரூஃபஸ் டோன் கார்லாவின் காரில் ஏறினான். எடித் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினாள்.

"கார்லா, என் கார் ஸ்டார்ட் ஆகலம்மா. போனும் செத்துக் கிடக்கு. வீட்டு வரைக்கும் விட்டுடேன்."

கார்லா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

"இது நாடகம் இல்லம்மா. நிஜமாத்தான் கேக்கறேன்."

"சூனியக்காரிக்கு எதுக்கு கார்? துடைப்பத்துல ஏறிப் பறந்து போகட்டுமே!" என்றான் ரூஃபஸ்.

கார்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் வண்டியைக் கிளப்பினாள். பின்னால் வந்த இரண்டு கார்களும் நிற்கவில்லை. எடித்தின் வீடு சதுப்புக்கு அந்தப் பக்கம், மூன்று மைல்.

புதன்கிழமை மதியம் அவர்கள் போனபோது எடித் அதற்குள் மேடையில், குற்றவாளிக் கூண்டில் நின்றிருந்தாள். வழக்கம்போல யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் அன்று அவள் வசனம் சொன்னபோது எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. தொண்டையிலிருந்து வந்த குரலாக இல்லை. கிணற்றின் அடியிலிருந்து கேட்பது போல இருந்தது.

"உங்களுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லையே. ஏன் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்?"

"இதுதான்! இதுக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்!" என்று ப்ராட் தொடையைத் தட்டினார்.

கூடம் முழுக்கக் கடல் உள்வாங்கிய நேரத்துச் சேற்று வாடை அடித்தது. கூண்டின் அடியிலிருந்து ஈரம் பலகை வழியே மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கார்லா அதைத் தாண்டிக் காலை வைத்தாள்.

வியாழக்கிழமை தொடு சோதனைக் காட்சி. வலிப்பில் துடிக்கும் பெண்ணைக் குற்றவாளி தொட வேண்டும். தொட்டதும் வலிப்பு நின்றால் அவள் சூனியக்காரிதான் என்று அந்தக் காலத்து நீதிபதிகள் முடிவு கட்டினார்கள். கார்லா தரையில் விழுந்து கை கால்களை உதறிக் கத்தினாள். ஈரத் துணி தரையில் உரசும் சத்தம் அருகில் வந்தது.

ஒரு கை அவள் நெற்றியில் இறங்கியது.

ஐஸ் பெட்டியில் வைத்த மீனைத் தொட்டது போல இருந்தது. நெற்றியிலிருந்து குளிர் கண்ணுக்குள் இறங்கி, பல்லுக்குள் இறங்கி, அடிவயிறுவரை போனது.

கார்லாவின் கை கால்கள் நின்றுவிட்டன.

அவள் நிறுத்தவில்லை. தானாக நின்றன.

"அற்புதம், கார்லா!" என்றார் ப்ராட்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். பார்க்கக் கூடாது என்பது விதி. அந்த நிமிடம் அந்த விதி இருந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

வெளியே வந்தபோது எடித்தின் கார் வாசலில் நிற்பது கண்ணில் பட்டது. கண்ணாடிமேல் பனி விரல் தடிமனுக்கு உறைந்திருந்தது. சக்கரங்களைச் சுற்றியிருந்த பனியில் ஒரு தடம்கூட இல்லை. 'நடந்தே வந்து போகிறாள் போல' என்று கார்லா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. எல்லோரும் நாடக உடைக்கு மாறி, தொடங்குவதற்கு முன் கதவருகே கணப்பைச் சுற்றி நின்றார்கள். மேடை அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"எடித் நோவாக் உங்க நாடகத்துல நடிக்கிறவங்கதானே? காலையில சிப்பி தோண்டப் போனவர் சதுப்புல அவங்க உடம்பைப் பார்த்திருக்கார். இருட்டுல வழி தவறி ஓடைக்குள்ள விழுந்திருக்காங்க. கால் எலும்பு முறிஞ்சிருக்கு. ரொம்ப நேரம் கூப்பிட்டிருப்பாங்க போல."

ப்ராட் அவர் பக்கம் ஓரடி வைத்தார். "நேத்து சாயங்காலம் போகும்போதா?"

"நேத்தா? இல்ல சார். செவ்வாய்க்கிழமை ராத்திரியே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றார். செவ்வாய்க்கு அப்புறம் அவங்களை யாராவது பார்த்தீங்களா?"



பார்த்தோம் என்று எப்படிச் சொல்வது? உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு நாளும் கூடவே நடித்தார்கள். ஒருமுறைகூட அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சேற்று வாடை வந்தது.

மேடைப் பலகை ஒன்று முனகியது.

"உங்களுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லையே."

போலீஸ்காரர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் காதில் அது விழவில்லை. மற்ற எட்டுப் பேர் காதிலும் விழுந்தது. ரூஃபஸ் கணப்பின் பக்கம் இன்னும் நெருங்கினான். ப்ராட் தன் காலணியையே வெறித்தார்.

"ஏன் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்?"

ஒருவரும் திரும்பவில்லை. அத்தனை நன்றாகப் பழகியிருந்தார்கள்.

நாடகம் நடக்கவில்லை. சவ அடக்கத்துக்கு ஊரிலிருந்து யாரோ நாலு பேர் போனார்கள். நடிகர்களில் ஒருவரும் போகவில்லை. ப்ராட் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவில் மகளிடம் போனார். செவ்வாய்க்கிழமை காரைப் பற்றி ரூஃபஸும் வாய் திறக்கவில்லை, கார்லாவும் திறக்கவில்லை. கேட்டவர்களிடம் "அவங்களேதான் நடந்து போறேன்னு சொன்னாங்க" என்றாள் கார்லா. நாலைந்து தடவை சொன்னதும் அது சுலபமாகவே வந்தது.

பிப்ரவரியில் அவள் கடலுக்கு வெகு தூரத்தில், அறுபது மைல் உள்ளே இருக்கும் ஓர் ஊரில் வேலை தேடிக்கொண்டாள். முதல் நாள் மதியம் சாலையோர உணவகம் ஒன்றில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, சூப்பை நிதானமாகக் குடித்தாள். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் பசி எடுத்திருந்தது.

தட்டை எடுக்க வந்த பரிமாறும் பெண் நகராமல் நின்றாள். நரைத்த தலை, கனிவான முகம். ஆனால் குரல் கறாராக இருந்தது.

"தப்பா நினைச்சுக்காதம்மா. உங்களுக்குள்ள என்ன சண்டையோ எனக்குத் தெரியாது. வந்து அரை மணி நேரமாச்சு, ஒரு வார்த்தை பேசக் கூடாதா? அவங்க உன் முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

கார்லாவின் கையிலிருந்த கரண்டி சூப்புக் கிண்ணத்தில் விழுந்தது.

எதிர் இருக்கையின் பக்கம் அவள் கண்ணைத் திருப்பவில்லை. கோட்டைக்கூட மாட்டாமல் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பரிமாறும் பெண் பெருமூச்சு விட்டு முன்னே போய்க் கதவைத் திறந்துவிட்டாள். கார்லா தலையைக் குனிந்தபடி வெளியே பாய்ந்தாள்.

அந்தப் பெண் கதவை மூடவில்லை. "படி வழுக்கும், பார்த்துப் போங்க," என்று பரிவாகச் சொல்லிவிட்டு, இன்னொருவர் மெல்லக் கடந்து போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.