வெதுவெதுப்பான கல் சுவர்

"கதவ மூடுங்கம்மா! ஒண்ண மூடிட்டு இன்னொண்ணத் தொறங்க!"

கஸ்ஸான் போட்ட சத்தத்தில், வாசலில் நின்ற பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

வெளியே அம்மான் நகரமே நனைந்துகொண்டிருந்தது. ஷ்மேசானி மேட்டுத் தெருவில் மழைத் தண்ணீர் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கி ஓடியது. அவள் மார்போடு ஓர் அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு, வெளிக்கதவைக் காலாலும் உள்கதவை முழங்கையாலும் தாங்கிக்கொண்டு நின்றாள். இரண்டு கதவும் திறந்திருக்க, மழைக்காற்று விருந்தாளி மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு கதவு வச்சது அழகுக்கு இல்லம்மா. உள்ள இருக்கற சூடு வெளிய ஓடாம இருக்கறதுக்கு. பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க..."

"தெரியும்" என்றாள் அவள். "இந்த ரெண்டு கதவையும் காகிதத்துல வரைஞ்சவளே நாந்தான்."

கஸ்ஸான் ஓடிவந்து உள்கதவைப் பிடித்துக்கொண்டான்.

அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தேன் நிறக் கண்கள்... இமை முடியில் ஒரே ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அது விழுகிறவரை கஸ்ஸான் மூச்சு விடவில்லை.

"நான் தீமா. இன்ஜினியர். நீங்கதான் இந்தக் கட்டடத்தப் பாத்துக்கற கஸ்ஸானா?"

"ஆமாங்க..."

"நல்லது. கதவுக்காகச் சண்டை போடற ஆளு இருக்காருன்னா, கட்டடம் பொழச்சுக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான். முப்பத்து நாலு வயதுவரை குழாயும் ஸ்பானருமாகவே கழிந்த வாழ்க்கையில், இப்படி ஒரு சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

அந்த ஆறு மாடி அலுவலகக் கட்டடத்துக்கு, பசுமைக் கட்டடம் என்று தங்க நிறத்தில் ஒரு பலகை கிடைத்திருந்தது. ஆள் குடிவரும் முன்பே, காகிதத்தைப் பார்த்துக் கொடுத்த பலகை. இப்போது ஆட்கள் வந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. காகிதத்தில் சொன்னபடி கட்டடம் நடந்துகொள்கிறதா என்று காட்டினால்தான் பலகை சுவரில் தங்கும். அதை அளக்கத்தான் தீமா பத்து நாள் வந்திருந்தாள்.

கட்டடத்தின் சொந்தக்காரர் ஹாஜ் நாஜி முன்கூட்டியே சொல்லிவிட்டார். "தேறலைன்னா பராமரிப்ப வெளிக் கம்பெனிக்குக் குடுத்துருவேன் கஸ்ஸான். அப்புறம் எம்மேல வருத்தப்படாதே."

கஸ்ஸானுக்கு அது வெறும் வேலை இல்லை. இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு குழாயையும், சுவர் பூசும் முன்பே, அவன் தோள் வலிக்க வலிக்கச் சுமந்து பதித்திருக்கிறான். கூரையில் விழும் மழை கீழே தொட்டியில் சேர்ந்து, திரும்ப மாடி ஏறிக் கழிவறைக்குப் போகும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பலகைகள் கோடை வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, குளிர்கால வெயிலை மட்டும் உள்ளே கூப்பிடும். ஒரு முழம் தடிமனுள்ள கல் சுவர்... உள்ளங்கையை வைத்தால் குளிர்காலத்திலும் உயிருள்ள மாடு மாதிரி வெதுவெதுக்கும். தன் குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல அவன் இதையெல்லாம் சொல்ல, அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"நான் வரைஞ்சப்போ கூட இவ்வளவு அழகா இல்லீங்க. நீங்க சொல்றப்பதான் அழகா இருக்கு."

மாடி மாடியாக, வெப்பத்தைத் தானே பதிந்துகொள்ளும் சின்னச் சின்னத் தெர்மாமீட்டர்களைத் தொங்கவிட்டார்கள். மேசை மேசையாகப் போய்க் கேட்டார்கள்.

"குளிருதா, சரியா இருக்கா?"

மூன்றாம் மாடிக் கணக்கர் அலுவலகத்துப் பெண் ஒருத்தி குரலைத் தாழ்த்தினாள். "எனக்குச் சுகமா இருக்கு. எங்க மேனேஜர் ரூம மட்டும் கொஞ்சம் குளிர வைக்க முடியுமா கண்ணு? சீக்கிரம் வீட்டுக்குப் போயிருவாரு."

"இதையும் எழுதிக்கவா?" என்று தீமா அவனைப் பார்த்தாள். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஏழாம் நாள் தெர்மாமீட்டர்களைக் கழற்றி, கணினியில் கோடு கோடாகப் போட்டுப் பார்த்தாள். பார்த்தவள் துள்ளினாள்.

"கஸ்ஸான், இங்க பாருங்க! ராத்திரி பத்து மணி. வெளிய நாலு டிகிரி. உள்ள இருபத்தொண்ணு! ஹீட்டர் அஞ்சு மணிக்கே நின்னுருது இல்ல? என் கல்லு... என் கல்லு சூட்ட விடவே இல்ல பாருங்க!"

அவள் தோள் அவன் தோளில் பட்டது. அவள் கவனிக்கவில்லை. அவன் வேறெதையுமே கவனிக்கவில்லை.

ஆனால் மறுநாள் வருடத்து மின்சார அளவு வந்தது. காகிதத்தில் சொன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

"எப்படி? கட்டடம் இவ்வளவு நல்லா நிக்குது... நீங்க எங்கயோ வீணாக்கறீங்க."

"நானா? நீங்க காகிதத்துல கொறைச்சுப் போட்டுட்டு எம்மேல தள்றீங்களா?"

"என் கணக்கு எத்தனை பேர் சரிபாத்தது தெரியுமா?"

"தெரியாதுங்க. நான் பைப் போட வந்தவன். பதினஞ்சு வயசுல பள்ளிக்கூடத்த விட்டவன். ஆனா மானம் இருக்கு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் ஒரு நாள் முழுக்க இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. லிஃப்டில் அவள் ஏறினால் அவன் படியில் ஏறினான். மழை மட்டும் இருவருக்கும் பொதுவாகப் பெய்துகொண்டிருந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் அவளே அவன் அறைக்கு வந்தாள். கண் சோர்ந்திருந்தது.

"உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல. எல்லா இடமும் பாத்துட்டேன். தப்பு என் மதிப்பீட்டுலதான் இருக்கணும்... அப்படியே அறிக்கையில எழுதிட்டேன். நாளைக்கு மத்தியானம் குடுக்கறேன். பலகை போனாலும் உங்க வேலை போகாது."

"உங்களுக்கு?"

"எனக்கு என்ன... இனிமே பெரிய கட்டடம் எதையும் என்கிட்டக் குடுக்க மாட்டாங்க. பரவாயில்ல." மெல்லப் புன்னகைத்தாள். "போயிட்டு வரேன் கஸ்ஸான்."

அவன் வாய் திறக்கும் முன் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் கட்டடத்துக்கு வந்தபோது, இரவுக் காவல்காரர் அபூ ஸக்ர் எள் ரொட்டிப் பொட்டலத்தோடு காத்திருந்தார்.

"தம்பி, இன்னைக்கு மக்காவுக்கு, உம்ராவுக்குக் கிளம்பறேன். தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோகற மாதிரி ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சுரு."

"நீங்க என்ன பண்ணீங்க மாமா... நல்லபடியா போயிட்டு வாங்க."

"அது மட்டும் இல்லப்பா." கிழவர் ஒரு ரொட்டியை எடுத்து அவன் கையில் வைத்தார். "ஒரு வருஷமா சொல்லணும்னு நெனைப்பு. ராத்திரி எட்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் எனக்காகச் சூடு விடறியே... கோடையில ஜில்லுனு வேற வைக்கறே! ஒத்த ஆளுக்கு ஆறு மாடியும்! சொந்த மகன் கூட இப்படிப் பண்ண மாட்டான். கஃபா முன்னால நின்னு உன் பேரச் சொல்லித்தான் மொதல்ல கேப்பேன்."

கஸ்ஸானின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

அறைக்கு ஓடினான். கட்டடத்தின் ஹீட்டரும் ஏசியும் ஓடும் நேர அட்டவணையைக் கணினியில் திறந்தான். ரமலான் பக்கம். போன வருடம், நோன்பு திறந்துவிட்டு வந்து இரவில் வேலை பார்த்த மூன்றாம் மாடிக் கணக்கர்களுக்காக அவன் கையாலேயே போட்டது. எட்டு முதல் பன்னிரண்டு. பெருநாள் முடிந்ததும் பகல் நேரத்தைப் பழையபடி மாற்றினான்... இரவு நேரம் வேறு பக்கத்தில் இருந்தது. அதை மாற்றவே இல்லை. பதினோரு மாதமாக, யாருமில்லாத ஆறு மாடிக்கு, கட்டடம் ரமலான் கொண்டாடிக்கொண்டிருந்தது.

ஒரு விரல் தட்டினால் அந்த இரவு நேரம் அழிந்துவிடும். அபூ ஸக்ர் ஊருக்குப் போகிறார். யாருக்கும் தெரியாது. மத்தியானம் தீமா தன் பெயரில் தப்பு என்று எழுதிக் கொடுப்பாள். அவன் வேலை அப்படியே இருக்கும்.

அந்த மழைத்துளிக் கண்கள் நினைவுக்கு வந்தன... கஸ்ஸான் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினான்.

வெய்ப்தே படிக்கட்டுத் தெருவில் அவள் அலுவலகம். சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றவனைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

"என்ன கஸ்ஸான்! குடை இல்லையா?"

"உங்க கணக்கு சரிங்க. தப்பு என்னோடது." மூச்சு வாங்கச் சொன்னான். ரமலான் பக்கம், அபூ ஸக்ர், எள் ரொட்டி... ஒன்று விடாமல்.

அவள் மேசையில் இருந்த அறிக்கையைப் பார்த்தாள். பிறகு, பொம்மை உடைந்த குழந்தை மாதிரி, "அப்ப... ராத்திரி பத்து மணிக்கு... என் கல்லு?" என்றாள்.

"அது ஹீட்டருங்க."

அவள் கண் கலங்கப் பார்த்தது. அவன் அவசரமாக ஒரு அடி முன்னால் வந்தான்.

"ஆனா கேளுங்க! பன்னெண்டு மணிக்கு ஹீட்டர் நின்னுருது. நான் காலையில ஆறு மணிக்கு வரேன். அப்ப உள்ள பதினெட்டு டிகிரி. இன்னைக்கும் பாத்தேன். வெளிய மூணு! ஆறு மணி நேரம் தாங்குது உங்க கல்லு. நல்ல கல்லுங்க அது."

அவள் சட்டென்று உட்கார்ந்து எண்களைத் தட்டினாள். தட்டினாள்... நிமிர்ந்தாள்.

"ராத்திரி ஓடினதக் கழிச்சா... நாம சொன்னத விடக் கம்மியா வருது கஸ்ஸான்! கட்டடம் சொன்னத விட நல்லா நடக்குது!" முகம் மலர்ந்த வேகத்திலேயே வாடியது. "ஆனா ஹாஜ் நாஜி உங்கள..."

"வர்ற வழியிலயே போன்ல சொல்லிட்டேன். மூட்டையக் கட்டுன்னாரு."

"கட்டடம் தேறிருச்சுன்னு நான் சொன்னா, அவரே அவுக்கச் சொல்லுவாரு. நானும் கூட வரேன்." பிறகு நிதானமாக அவனைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன். சத்தமில்லாம அழிச்சிருக்கலாமே? ஏன் வந்தீங்க?"

"உங்க பேர் கெட்டுப்போறத எப்படிங்க பாத்துக்கிட்டு..."

"அதுக்காக மட்டுந்தானா?"

வெளியே மழை ஒரு கணம் நின்று கேட்டதுபோல இருந்தது.

"இல்ல" என்றான். "படிப்பு இல்லாதவன், இதச் சொல்லத் தகுதி இல்லன்னு நேத்துவரைக்கும் நெனைச்சேன். என் தப்பையே வாய்விட்டுச் சொன்னப்புறம் இதுல என்ன வெக்கம்... உங்களப் பிடிச்சிருக்குங்க. நீங்க வராத வாசலப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது."

தீமா குனிந்து, மேசையில் இருந்த அறிக்கையை நாலாக மடித்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"வியாழக்கிழமை சாயங்காலம் எங்க அப்பா வீட்டுலதான் இருப்பாரு. உங்க வீட்டுப் பெரியவங்களக் கூட்டிட்டு வாங்க."

"பெரியவங்க வந்தா... பொண்ணத் தரேன்னு உங்கப்பா சொல்ற வரைக்கும் காபியத் தொட மாட்டாங்களே. முறை அதுதானே. அவரு யோசிச்சாருன்னா?"

அவள் நிமிர்ந்தாள். தேன் நிறக் கண்கள் முழுக்கச் சிரிப்பு.

"நல்லாச் சூடாவே குடிச்சிட்டுப் போகலாம்னு சொல்லி வைங்க. அப்பாகிட்ட நான் இன்னைக்கே பேசிடறேன்."