வரட்டுங்களா

ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், திருப்பூரில் பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் உடுமலைப் பக்கம் கிளம்பியது. ஏரிப் பூங்காவின் வாசலில் வந்து நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெண்கள் ஜோடி ஜோடியாகச் செல்போனை நீட்டியபடி தண்ணீரை நோக்கி ஓடினார்கள்.

ராமுத்தாய் கடைசியாக இறங்கினாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவள். கணவர் காலமான பின் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். தினமும் வேலை முடிந்து போய்க் கதவுப் பூட்டில் சாவியை நுழைக்கும் அந்தக் கணம்தான் அவளுக்குப் பொறுக்க முடியாதது. உள்ளேயிருந்து 'வா' என்று சொல்ல ஒரு குரல் கிடையாது.

"ஏனுங்க ராமுத்தாயக்கா, எங்களை ஒரு போட்டோ எடுங்க" என்றாள் ஜெயபாரதி. "போன தடவை மாதிரி தலையை வெட்டிப் போடாதீங்க!"

"தலைன்னு ஒண்ணு இருந்தாத்தான வெட்டுறதுக்கு" என்றாள் ராமுத்தாய். எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் போனை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நீங்களும் வாங்க என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. சின்னப் பிள்ளைகள்தானே என்று நினைத்துக்கொண்டு, அவள் பாறைகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தாள்.

பாறைகள் விசித்திரமாக நின்றன. ஒன்று படுத்த யானை போல. ஒன்று சோற்றுத் தூக்குப்போசிகளை அடுக்கி வைத்தது போல. ஏரியோரம் நின்ற உயரமான பாறை மட்டும், கோபித்து முகம் திருப்பிக்கொண்ட பெண்ணைப் போல இருந்தது. போகப் போகச் சிரிப்புச் சத்தம் தேய்ந்தது. எங்கோ காற்றாலை சுற்றும் ஓசை மட்டும் பெருமூச்சு போல வந்துவந்து போனது. பாசி வாடை மூக்கில் ஏறியது.

முகம் திருப்பிய அந்தப் பாறையடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கழுத்தில் ஏதோ கம்பெனி அடையாள அட்டை. எழுத்தெல்லாம் கரைந்து வெள்ளையாக இருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தாயி, தண்ணியில விழுந்துட்டியா?"

"ஆமாங்க."

"கூட வந்தவுக எங்க?"

"போயிட்டாங்க. ரண்டு வேனுங்க. இந்த வேன்ல இருக்கறவங்க, அந்த வேன்ல இருக்கேன்னு நெனச்சுட்டாங்க. அந்த வேன்ல இருக்கறவங்க, இந்த வேன்ல இருக்கேன்னு நெனச்சுட்டாங்க."

"நல்ல ஆளுகதான்!" ராமுத்தாய்க்கு மனசு கொதித்தது. பையிலிருந்த மஞ்சள் பனியன் துணியை எடுத்துக் கொடுத்தாள். கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டு. "தலையத் துவட்டு. சளி பிடிச்சுரும்." சாப்பாட்டு டப்பாவின் மூடியில் எலுமிச்சைச் சோறு வைத்து நீட்டினாள்.

அந்தப் பெண் சோற்றைச் சாப்பிடவில்லை. முகத்தருகே வைத்து மணத்தை மட்டும் இழுத்தாள்.

"எனக்குன்னு ஒருத்தர் சோறு எடுத்து வெச்சு ரொம்ப நாளாச்சுங்க" என்றாள்.

அதே சொல்லை ராமுத்தாயும் சொல்லியிருக்க முடியும்.

கிளம்பச் சொல்லி வாசலில் விசில் ஊதினார்கள்.

"வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்புறேன் தாயி. பயப்படாம இரு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"வரட்டுங்களா?"

கொங்கு நாட்டில் விடைபெறும்போது 'போறேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'வரட்டுங்களா' என்பார்கள். அதற்கு 'வாங்க' என்பது மரியாதை. இத்தனை வருடத்தில் ராமுத்தாய்க்கும் அது நாக்கில் படிந்துவிட்டது.

"சரி, வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

யானைப் பாறையைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

விடைபெற்றுக் கிளம்பியது தான் அல்லவா? உட்கார்ந்திருந்தவள் ஏன் 'வரட்டுங்களா' என்று கேட்டாள்?

திரும்பிப் போய்ப் பார்த்தாள். பாறையடியில் யாருமில்லை. மஞ்சள் துணியையும் காணோம். மூடியில் சோறு அப்படியே இருந்தது. சுற்றிலும் எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூடச் சோற்றைத் தொடவில்லை.

வாசலில் காவல்காரர் அங்கமுத்து அவள் சொன்னதைக் கேட்டு விசிலைக் கையில் இறுக்கிக்கொண்டார்.

"அது முன்னொருக்கா, வேற வேன்ல ஏறிட்டான்னு நெனச்சு உட்டுட்டுப் போன புள்ள. தெக்கேயிருந்து பொழைக்க வந்ததில்லீங்க, இந்தப் பக்கத்துப் புள்ளைதான். ரண்டு நாள் கழிச்சு ஏரியில மெதந்துச்சு. தேடிக்கிட்டு ஒருத்தரும் வரலீங்க." குரலைத் தாழ்த்தினார். "நீங்க அதுகிட்ட வான்னு எதுவும் சொல்லலீங்களே?"

ராமுத்தாய் வேனை நோக்கி வேகமாக நடந்தாள்.

வேனில் எப்போதும்போல அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. வழியில் பேச வந்து உட்கார்ந்த ஜெயபாரதி துள்ளி எழுந்தாள்.

"ஐயோ! சீட்டெல்லாம் ஒரே ஈரம்! பாட்டிலைக் கவுத்துட்டீங்களாக்கா?"

ராமுத்தாயின் மடியில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது.

திருப்பூரில் இறங்கித் தெருவிளக்கு வெளிச்சத்தில் நடந்தாள். கூட யாரும் வரும் சத்தமில்லை. பாசி வாடை மட்டும் வந்தது.

அவள் அறைக்கு முன்னால் கட்டியிருந்த கொடிக்கயிற்றில் அந்த மஞ்சள் பனியன் துணி தொங்கியது. துவைத்துப் பிழிந்து, நுனி பிசகாமல் விரித்துப் போடப்பட்டிருந்தது. இரவல் வாங்கியதைத் திருப்பித் தருபவர்கள் செய்வது போல.

ஓடிவிடலாம் என்று நினைத்தாள். எங்கே ஓடுவது? யார் வீட்டில் அவளை வா என்பார்கள்?

முந்தானையில் முடிந்திருந்த விபூதியை எடுத்து நெற்றியில் இட்டாள். "முருகா" என்றாள். ஒரு பிடி சோறு அன்போடு கொடுத்தோம். அது கெடுதலாகத் திரும்பாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாவியைப் பூட்டில் நுழைத்தாள். கை திருப்ப மறுத்தது.

பூட்டு இன்னும் பூட்டியபடிதான் தொங்கியது.

உள்ளே, கதவுக்கு மிக அருகில், யாரோ வந்து நின்றார்கள்.

"வந்துட்டீங்களா?" என்றது குரல். "வாங்க."